பித்தளைக் கூலர்

காலத் தாராளமா நீட்டுங்க அண்ணாச்சி. அந்தச் சாக்கு ஒங்கள ஒண்ணும் செய்யாது. மேல பட்டா கொஞ்சம் எண்ணெக் கறை படும், அவ்வளவுதான். வேட்டிய மட்டும் ஒதுக்கிக்கிடுங்க.

மீன் இல்ல. நீங்க மூக்கச் சுழிச்சதப் பாத்தேன், அதான் சொல்லுதேன். எங்க ஊரு ஆளு சாக்கோட பஸ் ஏறுனா மீனுன்னுதான் எல்லாரும் நெனைக்காவ. கண்டக்டரும் அப்படித்தான் நெனச்சான். பெரியவரே, கருவாட்டுக்கு லக்கேஜ் உண்டுன்னான். அவுத்துக் காமிச்சேன். குனிஞ்சு பாத்துட்டு, இது என்ன குத்துவிளக்கான்னு கேக்கான். பித்தளையில எதக் கண்டாலும் இவனுவளுக்குக் குத்துவிளக்குதான்.

ஆயில் கூலர். விசைப்படகு இன்ஜின்ல மாட்டுறது. மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில ஈரத்துணி போடுதோம்லா, அது மாதிரிதான். இன்ஜினுக்குள்ள ஓடுற எண்ணெ கொதிச்சிரும். அதக் குளுர வைக்கணும். இந்தா, இந்தக் குழலுக்குள்ள சின்னச் சின்னக் குழாயா அடுக்கி இருக்கும். குழாய்க்குள்ள கடல்தண்ணி ஓடும், வெளியச் சுத்தி எண்ணெ ஓடும். தண்ணி சூட்ட வாங்கிட்டுக் கடலுக்கே திரும்பிப் போயிரும், எண்ணெ இன்ஜினுக்குத் திரும்பிப் போவும். நடுவுல ஒரு தகடுதான். தண்ணியும் எண்ணெயும் ஒண்ணோட ஒண்ணு சேராத வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

மதுரையில ஒரு ரேடியேட்டர் கடை இருக்கு. காத்தடிச்சு, தண்ணித் தொட்டியில முக்கிப் பாப்பாவ. ஓட்டை இருந்தா குமிழி வரும். இல்லன்னா வராது. இதுல வராது. எனக்குத் தெரியும். ஊரு வாய அடைக்கணும்லா, அதுக்குத்தான் போறேன்.

நீங்க எங்க எறங்குதிய? மாட்டுத்தாவணியா. நல்லதாப் போச்சு, சேந்தே எறங்குவோம். தூக்கிவிட ஒரு கை வேணும்.

என் பேரு கயத்தான். வேம்பாருக்குத் தெக்க, கீழமுனைன்னு ஒரு சின்ன ஊரு. மூக்கையூரு, தருவைக்குளம்னா தெரியும்பாவ, கீழமுனைன்னா முழிப்பாவ. சொந்தமா ஒரு போட்டு. போட்டுக்கு மாதா பேரு வச்சேன். அதே வருசம் பொறந்த என் மவனுக்கும் மாதா பேருதான், தஸ்நேவிஸ். வீட்டுல நேவிஸ். முட்டி போனதுல நான் கடலுக்குப் போறத நிப்பாட்டிட்டேன். அவன்தான் டிரைவர். ஊருல அவன மாதிரி போட்டு ஓட்டுறவன் கிடையாதுன்னு என் வாயால சொல்லக் கூடாது. மத்தவன் சொல்லுவான்.

பழைய இன்ஜின் புகையாத் தள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. எங்க போட்டு கரைக்கு வாரதக் கண்ணால பாக்கவே வேண்டாம், வீட்டுக்குள்ள இருந்து மூக்காலயே சொல்லிருவாவ. இன்ஜின மாத்திரலாம்ப்பான்னான் நேவிஸ். நானும் சரின்னேன். அதுல நான் குறுக்க நிக்கல. அத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. என்னைய ஏதோ மாறாத மனுசன்னு பேசுதாவ ஊருல. லாரியில இருந்து எறக்குன இன்ஜின் ஒண்ணு, நல்ல ஓட்டத்துல இருக்கது, பாத்து எடுத்துட்டு வந்தான். நான் தொட்டுப் பாத்து, நல்ல இன்ஜின்லேன்னு சொன்னேன்.

எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. வேற ஊருல இருக்கான்னு தெரியாது. இன்ஜின் மாத்துனா, பழைய இன்ஜின்ல இருந்து ஒரு சாமானாவது புதுசுல ஏத்தணும். ஒட்டுன்னு சொல்லுவோம். ஒட்டு வைக்கலன்னா போட்டு புது இன்ஜின ஏத்துக்கிடாது. கோயில் சாமியாரு கேட்டுட்டுச் சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே வந்து தண்ணியும் தெளிப்பாரு. ஒருத்தன் எண்ணெ ஊத்துற மூடிய வப்பான். என் சின்னையா மவன் ஒரே ஒரு நட்ட வச்சுட்டு, அதுவும் ஒட்டுதான்னான். அந்த நட்டு உருண்டு எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியாது. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. செய்தா ஒழுங்காச் செய்யணும்.

இந்தக் கூலர்தான் ஒட்டுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டேன்.

சும்மா சொல்லல. தூத்துக்குடியில கப்பல் உடைச்ச சாமான் விக்கிற கடையில, நானும் என் வீட்டுக்காரியும் போய் எடுத்தது. சலேத்து அவ பேரு. கடைக்காரன் இரும்பு ஒண்ணத்தான் காமிச்சான். மூலையில கெடந்த இதக் கண்டு எடுத்தவ அவதான். போட்டு வாங்குன நாள்ல இருந்து ஓடுது. பம்பு எத்தனையோ மாத்தியாச்சு, ஹோஸ் மாத்தியாச்சு, கியர் பெட்டி மாத்தியாச்சு. இது மட்டும் ஒரு நாளும் மக்கர் பண்ணுனது கிடையாது. மழைக்காலத்துல போட்டு கரையில கெடக்கும்போது கழத்திட்டு வந்து புளி போட்டுத் தேய்ப்பேன். மாதா கெபியில எரியுற விளக்குகூட இப்படி மின்னாது. இதுக்கு ஒரு பொட்டு வச்சுப் பூசைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்னு சலேத்து கேலி பண்ணுவா. அப்போ பேசுவா. இப்போ பேசுறதில்ல.

இன்ஜின் எறக்குற அன்னைக்கு மெக்கானிக் பேச்சிமுத்து இருந்தான், நேவிஸ் இருந்தான், நான் மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். முட்டியோட உள்ள எறங்க முடியாதுல்லா. புது இன்ஜின்கூடவே ஒரு சின்னக் கூலர் வந்துச்சு. டிபன் டப்பா மாதிரி இருந்துச்சு. நேவிஸ் அதக் காமிச்சு, இது போதும்ப்பா, இந்த இன்ஜினுக்குன்னே செஞ்சதுன்னான். நான் பழசத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இதான் ஒட்டு, இத மாட்டுன்னேன்.

'அப்பா, அது பழைய இன்ஜினுக்கு. இது அதவிடப் பெரிசு, எண்ணெய வேகமாத் தள்ளும். அது தாங்காது. உப்புத் தண்ணியிலயே கெடந்த சாமான், உள்ள எப்படி இருக்குன்னு யாரு கண்டா.'

'நான் கண்டேன்'னேன்.

'ஒட்டுக்கு ஒரு சாமான் வேணும், அவ்வளவுதான? கியர் கம்புல உள்ள குண்ட வைப்போம். நீங்க புடிச்ச குண்டு, நானும் புடிப்பேன்'னான்.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கியர் குண்டு என்ன வேல செய்யுது, சொல்லுங்க. கை வைக்க ஒரு குண்டு. அதக் கழத்திட்டுத் தேங்கா மூடிய வச்சாலும் போட்டு போவும். ஒட்டுன்னா வேல செய்யணும். நான் அதச் சொன்னேன். பேச்சிமுத்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு, அண்ணாச்சி, ஓட்டுறவன் சொல்லுதான், கேளுங்களேன்னான். நீ உன் ஸ்பானரப் பாருலேன்னேன். அவன் குனிஞ்சுட்டான்.

அப்போதான் நேவிஸ் ஒண்ணு சொன்னான். சரிப்பா, மாட்டுதேன். ஆனா தூத்துக்குடியில ஒரு கடையில குடுத்து, காத்தடிச்சுப் பாத்துட்டு மாட்டுதேன்.

எனக்குச் சுள்ளுன்னு வந்துட்டு. ஒரு நாளும் ஏமாத்தாத சாமான சந்தேகப்படுதானேன்னு. ஏலே, ஒங்க அம்மாவையும் கடையில குடுத்துச் சோதிச்சுப் பாப்பியாலேன்னு கேட்டுட்டேன். பேச்சிமுத்து சிரிச்சுட்டான். நானும் சிரிச்சேன். நேவிஸ் சிரிக்கல. அவனுக்குச் சின்னதுல இருந்தே கேலி புடிக்காது.

நீங்க என்ன நெனைக்கிய, அன்னைக்கே சோதிச்சிருக்கலாமேன்னுதான? எல்லாரும் அதத்தான் கேக்காவ. சோதிச்சிருந்தா நல்லா இருக்குன்னுதான் வந்திருக்கும். ரெண்டு நாளு வீணாப் போயிருக்கும். அவ்வளவுதான்.

நேவிஸ் ரெண்டு நாளா என்கூடப் பேசல. அப்புறம் அவனே உள்ள எறங்கி மாட்டுனான். புது ஹோஸ் போட்டான், கிளிப்ப ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டான். நல்லாத் தொடச்சான். புடிக்காத வேலையையும் அவன் சுத்தமாத்தான் செய்வான். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இதுல ஆபத்து இருக்குன்னு நெசமாவே நெனச்சிருந்தா அவன் கையால மாட்டியிருப்பானா? முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா. கட்டாயப்படுத்த அவன் என்ன கைப்புள்ளையா. ஒரு புள்ளைக்கு அப்பன் அவன்.

இது எந்த ஊரு, எட்டயபுரமா. காபி எதுவும் வேணுமா ஒங்களுக்கு? எனக்கு வேண்டாம்.

போட்டு நல்லா ஓடுச்சு. சங்கிலிய அவுத்துவிட்ட நாய் மாதிரி ஓடுச்சு. சாமியாரு வந்து தண்ணி தெளிச்சாரு. ஒட்டு எதுன்னு கேட்டாரு. கூலரக் காமிச்சேன். இவ்வளவு பெரிய ஒட்டான்னு கேட்டாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

கொஞ்ச நாள் போயி நேவிஸ் வந்து, எண்ணெ கொறையுதுப்பான்னான். தெனமும் ஊத்த வேண்டியிருக்குன்னான். இன்ஜின் புது எடத்துக்குப் பழகுற வரைக்கும் எண்ணெ குடிக்கத்தான் செய்யும்லேன்னேன். எந்த மெக்கானிக்க வேணும்னாலும் கேளுங்க, அப்படித்தான் சொல்லுவான். இன்னொரு நாளு என்னைய போட்டு கட்டுற ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போயி, போட்டுக்குப் பின்னால தண்ணியக் காமிச்சான். ஊதாவும் பச்சையுமா எண்ணெ மினுங்குச்சு. ஜெட்டித் தண்ணியில எண்ணெ மினுங்காம பின்ன பன்னீரா மினுங்கும்? அத்தன போட்டு நிக்குது, எல்லாவனும் ஒழுக்கத்தான் செய்தான். நான் அதச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் வீட்டுக்கு வந்தோம்.

அந்த மவராசன் வாயத் தொறந்து ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாம். நான் கேட்டிருப்பேனா இல்லியா, அது வேற. ஏசியிருக்கலாம்.

அப்புறம் அந்த நாளு. நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க. நடுவுல எதும் கேட்டுராதிய.

நாலு பேரு போனாவ. இஞ்ஞாசின்னு ஒருத்தன், எங்ககூட ரொம்ப வருசமா வாரவன், அவன் சொன்னதுதான் எனக்குத் தெரியும். மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் மேக்க இருந்து கச்சான் காத்து தூக்கிட்டு. வலைய வாங்கி, கரையப் பாத்துத் திருப்பும்போது இன்ஜின்ல டக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் நின்னுட்டு. நேவிஸ் கீழ எறங்கிப் பாத்துருக்கான். இன்ஜின் இறுகிப் போச்சு, சுத்த மாட்டேங்குது. இன்ஜின் இல்லாத போட்டக் காத்து குறுக்காலத் திருப்பிரும், அலை வயித்துல அடிக்கும். நங்கூரம் போட்டாத்தான் தலை காத்தப் பாத்து நிக்கும். மேல ஏறி வந்தவன், நீங்க புடிச்சுக்கிடுங்க, நான் போடுதேன்னுட்டு முன்பக்கம் அணியத்துக்குப் போயிருக்கான். அலை ஏறுச்சாம். கயிறத்தான் புடிச்சானாம்.

'கயிறு கையில நிக்கல அண்ணாச்சி, கையெல்லாம் எண்ணெ'ன்னான் இஞ்ஞாசி.

அவ்வளவுதான். வேற போட்டுக்காரங்க வந்து மத்த மூணு பேரையும் தூக்குனாவ. பாதி முழுகிப் போன போட்டையும் கட்டி இழுத்துட்டு வந்தாவ. எல்லாத்தையும் கொண்டாந்து சேத்தாவ அண்ணாச்சி. அவன் அப்புறம்தான் கெடச்சான், வேற ஊரு கரையில. எந்த ஊருன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஊருப் பேர நான் வாயால சொல்லுறதில்ல.

இல்ல, நல்லா இருக்கேன். காத்துல கண்ணு எரியுது. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து விடுங்க.

அடக்கம் முடிஞ்ச மறுநாளே ஊரு பேச ஆரம்பிச்சிட்டு. கூலர்தான் காவு வாங்கிட்டுன்னு. தகடு அரிச்சு, எண்ணெ எல்லாம் தண்ணியோட கடலுக்குப் போயி, காஞ்ச இன்ஜின் இறுகிப் போச்சுன்னு. பேச்சிமுத்துதான் மொதல்ல சொல்லியிருப்பான், ஸ்பானரப் பாருன்னு சொன்ன கோவம். இன்ஜினப் பிரிச்சாத் தெரியும்லான்னு கேப்பிய. போட்டு பாதி முழுகுனதுலா, இன்ஜினுக்குள்ள பூரா கடல்தண்ணி. எண்ணெயையும் தண்ணியையும் கலக்குன மோரு மாதிரி எறக்குனாவ. அதுல எதக் கண்டுபுடிக்க. நேவிஸ் அன்னைக்கு ஒரு கேன் எண்ணெ கூடுதலா எடுத்துட்டுப் போயிருக்கான். என்கிட்டச் சொல்லல, ஏசுவேன்னு நெனச்சிருப்பான். அந்தக் கேன் காலியாக் கெடந்துச்சுன்னு ஒருத்தன் சாட்சி சொல்லுதான். போட்டே பாதி முழுகிக் கெடந்துச்சு, கேன் மட்டும் ததும்பி நிக்குமா?

ஒரு நாளு இஞ்ஞாசி தயங்கித் தயங்கி வந்தான். அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும், சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வரலன்னான். அன்னைக்குக் கடல்ல சொறி கூட்டமா வந்துச்சாம். சொறின்னா தெரியும்லா, ஜெல்லி மீனு, கண்ணாடி மாதிரி வழவழன்னு மெதக்கும், பட்டா அரிக்கும். அது வந்து இன்ஜினுக்குத் தண்ணி போற சல்லடைய அடச்சிருக்கு. நேவிஸ் கீழ எறங்கி, தண்ணி வால்வ மூடிட்டுச் சல்லடையச் சுத்தம் பண்ணியிருக்கான். பண்ணுன பிறவு வால்வத் தொறக்கணும். தொறந்தானா இல்லியான்னு இஞ்ஞாசி பாக்கல. அவன் மேல வலையில நின்னான். தொறக்கலன்னா தண்ணி போவாது, கூலர் குளுராது, இன்ஜின் சூடாயி இறுகிரும். கரைக்கு வந்து பாத்தா அந்த வால்வு மூடிக் கெடந்துச்சு. கட்டி இழுத்தவன் தண்ணி எறைக்கும்போது மூடியிருக்கலாம். நீ மூடுனியா, முன்னமே மூடியிருந்துச்சான்னு கேட்டா, ஞாபகம் இல்லங்கான்.

பொய் சொல்லக் கூடாது அண்ணாச்சி. அதக் கேட்டதும் எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருந்துச்சு. கூலர் இல்ல. வால்வு. அவசரத்துல மறந்திருப்பான், பாவம், யாருக்கும் வாரதுதான். முட்டி வலியப் பாக்காம வீட்டுக்கு ஓடுனேன். சலேத்து பேத்தியக் குளிப்பாட்டித் தல துவட்டிக்கிட்டு இருந்தா. மருமவ ரெஜி அடுப்படியில நின்னா. நான் மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கதுக்குள்ள சலேத்து அந்தத் துண்ட வச்சுப் புள்ளையோட ரெண்டு காதையும் பொத்திட்டா. நான் என்னவோ கெட்ட வார்த்த பேசுன மாதிரி.

அன்னையில இருந்து அவ பேச்சு நின்னு போச்சு. சோறு தட்டுல போட்டு மூடி வச்சிருப்பா. எடுத்துத் திங்கணும். ரெஜியும் ஒண்ணும் கேக்க மாட்டா. அவ கேட்டாலாவது பதில் சொல்லலாம். நல்ல சேதி கொண்டுபோன மனுசன இப்படியா நடத்துவாவ?

சரி, வாயால சொன்னா நம்ப மாட்டிய, சோதிச்சே காட்டுதேன்னு, போட்டுக்குப் போயி இதக் கழத்திட்டு வந்தேன். மொதல்ல தூத்துக்குடிக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடையில தொட்டித் தண்ணி சகதியா இருந்துச்சு. அதுல குமிழி வந்தா என்ன, யான வந்தா என்ன, தெரியவா போவுது. திரும்பிட்டேன். அப்புறம் அருப்புக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான். காத்திருந்தேன். அவன் வந்து கையக் கழுவிட்டு, குடுங்க பெரியவரேன்னான். அந்நேரம் பாத்து எனக்கு பஸ்ஸு ஞாபகம் வந்துட்டு. கடைசி பஸ்ஸு இல்ல, அடுத்த பஸ்ஸும் உண்டு, ஆனா பேத்திக்கு மிட்டாய் வாங்கணும்லா. போன வாரம் மதுரைக்கே போனேன், இதே கடைக்கு. அவன் நல்ல வேலக்காரன். ரெண்டு பக்கமும் அடச்சு, காத்துக் குழாய மாட்டி, தொட்டிக்கிட்டத் தூக்கிட்டும் போயிட்டான். எவ்வளவு காத்து வைப்பன்னு கேட்டேன். சொன்னான். பழைய சாமானுக்கு அது அதிகம், நல்லா இருக்கதையும் நீ ஓட்ட போட்டுருவன்னு சொல்லிப் புடுங்கிட்டு வந்துட்டேன். பொறவு என்ன, நம்ம சாமான நாமதான பாத்துக்கிடணும்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கிய?

இன்னைக்குக் காலையில மறுபடியும் சாக்க எடுத்தேன். வாசல்ல சலேத்து நின்னா. வழிய மறிச்சுக்கிட்டு நின்னா. இத்தன நாளு கழிச்சு வாயத் தொறந்தா.

'எங்க போறிய?'

'மதுரைக்கு. சோதிக்க.'

'இன்னைக்காவது முக்குவியளா?'

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனைக்கிய. நான் யாருகிட்டயும் சொல்லல, முக்காம வந்தேன்னு. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. முக்குவேன்னேன்.

'முக்குங்க. முக்கிப் பாத்துட்டு வாங்க. குமிழி வந்துச்சுன்னா வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொல்லுங்க. தப்பு ஒங்களுதுன்னு ஆவும். அத நான் தாங்கிக்கிடுவேன். ஒங்களக் கெட்டுன நாள்ல இருந்து எத்தனையத் தாங்கியிருக்கேன். பக்கத்துல உக்காந்து சோறு போடுதேன்.' அழல. ஒரு சொட்டு அழல அண்ணாச்சி. 'குமிழி வரலன்னா, தப்பு என் புள்ள தலையில போயி விழும். செத்தவன் வந்து பேச முடியாது. அவன் மவ வளந்து, எங்கப்பன் வால்வத் தொறக்க மறந்து செத்தான்னு கேக்கணும். அத நான் தாங்க மாட்டேன். அப்படின்னா நீங்க இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம். அந்தக் கூலரையே கட்டிக்கிட்டு எங்கயாவது கெடங்க.'

சொல்லிட்டு ஒதுங்கி வழி விட்டா. கையில ரெண்டு இட்லியும் பொட்டலமா கெட்டிக் குடுத்தா. எந்தப் பொம்பளையாவது இப்படிச் சொல்லுவாளா? புருசன் தோத்து வரணும்னு நேந்துக்கிடுற பொண்டாட்டிய எங்கயாவது பாத்திருக்கியளா? ஊரே ஒரு பக்கம் நின்னாலும் கெட்டுனவ நம்ம பக்கம் நிக்க வேண்டாமா?

பஸ் ஏறுன நேரத்துல இருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன். அவ என்ன சொல்லுதா, எதுக்கு அப்படிச் சொல்லுதா. எனக்குப் படிப்புக் கிடையாது. கோவமா வருது. கோவப்பட்டு முடிச்சா, அவன் அந்த ஜெட்டியில நின்னு தண்ணியப் பாத்த பார்வைதான் முன்னால வந்து நிக்கு. அவன் மறக்குற புள்ள இல்ல அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல பென்சிலக்கூடத் தொலச்சது கிடையாது. வீட்டுல கேஸ மூடிட்டமான்னு ரெண்டு தடவ எழுந்து போயிப் பாத்துட்டு வந்து படுப்பான். ரெஜி கேலி பண்ணுவா. அப்படிப்பட்டவன் வால்வத் தொறக்க மறப்பானா? நான்தான சொன்னேன், மறந்திருப்பான்னு. ஓடிப்போயி, மூச்சு வாங்க, சந்தோசமாச் சொன்னேன்லா.

மதுரைப் பாலம் வந்துட்டு போல இருக்கு. விளக்கெல்லாம் தெரியுது. இல்ல இல்ல, விளக்கு இல்ல, வெயிலு கண்ணாடியில அடிக்கு. எறங்குன எடத்துல இருந்து கடை நடக்குற தூரம்தான். நீங்க கூட வாரியளா? கடை வரைக்கும் வந்தாப் போதும். இல்ல, உள்ளயும் வாங்க. நான் புடுங்கிட்டு ஓடப் பாத்தா என் கையப் புடிச்சுக்கிடுங்க. ஒங்களுக்குப் பெரிய கை.

இங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க அண்ணாச்சி. அந்த ஓரத்துல, பச்சையா, களிம்பு மாதிரி. தெரியுதா? நான் இவ்வளவு தேய்ச்சும் அது போவ மாட்டேங்கு. உள்ளயும் அப்படித்தான இருக்கும்? எத்தன வருசம் உப்புத் தண்ணியில கெடந்த சாமான். என்ன பித்தளையா இருந்தாத்தான் என்ன, அரிக்காம இருக்குமா? புதுசு அவ்வளவு வேகமா எண்ணெயத் தள்ளுனா, தகடு தாங்குமா? ஒரு ஊசிமொனை அளவுக்காவது எங்கயாவது ஓட்டை இருக்கும்லா? குமிழி வரும்லா?

வரும்னு சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன், வரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.